இரண்டு றாம் சேர்ந்தால் மட்டும் மத்தியானத்தில் ஸ்டக் ஆவது ஏன்?

கல்முனையில் கம்பியூட்டர் திருத்தும் சகோதரர் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். டிடிஆர்4 போடும் டெஸ்க்டொப் ஒன்று. அதில் முந்தியே 8 ஜிபி 2666 றாம் ஒன்று இருந்தது. கஸ்டமர் கேட்டதால் 8 ஜிபி 3200 ஒன்றையும் வாங்கிப் போட்டார். தனித்தனியாகப் போட்டால் இரண்டிலும் குறையில்லை. சேர்த்துப் போட்டால் காலையில் ஓடும், வெயில் ஏறியதும் ஸ்டக் ஆகும், சிலவேளை நீலத் திரை வரும். பயோஸில் 2400க்கு இறக்கிவிட்டால் பின்நேரம் வரைக்கும் ஒன்றுமில்லை. ‘டிஎல்எல்’ என்றொன்று குழம்பினால் இப்படி வரும் என்று எங்கோ வாசித்திருக்கிறார். அது என்ன, இது அதுதானா, 2400இலேயே விட்டுக் கஸ்டமரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

இதற்குள்ளே இருக்கும் உண்மையான கேள்வி, வேகத்தைக் குறைத்ததும் வருத்தம் மாறியதா, மறைந்து கிடக்கிறதா என்பதுதான். மறைந்து கிடக்கிறது என்பது என் பதில். ஆனாலும் நீங்கள் செய்த அந்த ஒரு காரியம் மிக நல்ல சோதனை. கையில் ஒரு கருவியும் இல்லாமலேயே பாதி விடையை அது தந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகமான 2666இல்தான் ஓடும். 2666 என்றால் ஒரு தரவுக் கம்பியில் செக்கனுக்கு 266 கோடிக்கும் மேற்பட்ட பிட்கள். க்ளொக் அதில் பாதி, 1333 மெகாஹேர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 0.75 நனோ செக்கன். க்ளொக் ஏறும்போது ஒரு பிட், இறங்கும்போது ஒரு பிட் என்பதால் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 375 பிக்கோ செக்கன். 2400இல் அது 417. ஆக நீங்கள் கூட்டிக் கொடுத்தது வெறும் 42 பிக்கோ செக்கன். அந்த நேரத்துக்குள் ஒளிகூட ஒன்றேகால் சென்ரிமீற்றர்தான் ஓடும்.

இப்போது சிப்பின் உட்புறத்தைப் பாருங்கள். றாம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அட்டவணைப்படி 2666க்கு சிஎல் 19, அதாவது கேட்ட தரவு வரும்வரை காத்திருப்பது 19 சுற்று. 19ஐ 0.75ஆல் பெருக்கினால் 14.25 நனோ செக்கன். 2400க்கு சிஎல் 17. 17ஐ 0.833ஆல் பெருக்கினால் 14.17. வேகத்தை இறக்கியபோது உள்ளே பிட்டைச் சேமித்து வைக்கும் செல்களுக்கு நீங்கள் ஒரு துளி நேரமும் கூட்டிக் கொடுக்கவில்லை, சரியாகப் பார்த்தால் கொஞ்சம் குறைத்தேயிருக்கிறீர்கள். செல்லில் கசியும் மின்னூட்டத்தைப் புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் இடைவெளியும் 7.8 மைக்ரோ செக்கனாக அப்படியே கிடக்கிறது. அப்படியிருந்தும் ஸ்டக் நின்றுவிட்டதென்றால் செல்லில் குறையில்லை. றாமுக்கும் ப்ரொசஸருக்கும் நடுவிலுள்ள பாதையில், பிட்டைச் சரியான கணத்தில் பிடிக்கும் வேலையில்தான் குறை. ஒரு நிபந்தனை உண்டு: டைமிங் எல்லாம் ஓட்டோவில் இருந்திருக்க வேண்டும். சிஎல்லைக் கையால் 19இல் வைத்துவிட்டு 2400க்கு இறக்கியிருந்தால் செல்லுக்கும் 15.8 நனோ செக்கன் கிடைத்திருக்கும், அப்போது இந்த வாதம் எடுபடாது. முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு நெருக்கடி என்றால், றாமின் உள்வீடு பழையது, வாசலை மட்டுமே திரும்பத் திரும்ப அகலமாக்கியிருக்கிறார்கள். ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் என்ற செல் அமைப்புக்கு ஐபிஎம்மின் ரொபேர்ட் டெனார்ட் காப்புரிமை பெற்றது 1968இல். இன்றைக்கும் அதுதான். டிடிஆர்3 1600இல் சிஎல் 11 என்றால் 13.75 நனோ செக்கன், டிடிஆர்4 3200இல் சிஎல் 22 என்றாலும் அதே 13.75. சிஎல் எண் இரட்டித்ததைப் பார்த்துப் புது றாம் மெதுவானது என்று கடைகளில் சொல்வது பிழை. செல் அதே வேகத்தில் இருக்க, கம்பியில் ஓடும் வேகம் மட்டும் இரண்டு மடங்காகியிருக்கிறது.

பழைய டிறாம்களில் க்ளொக்கே கிடையாது. றாமை ஆளும் கொன்ட்ரோலர் முகவரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும், குறித்த நேரம் கழித்துத் தரவு வரும். 1993இல் ஜெடெக் தரமாக்கிய எஸ்டிறாம் எல்லாரையும் ஒரே க்ளொக்குக்குக் கட்டியது. 2000இல் வந்த டிடிஆர் தரம், தரவோடு சேர்ந்தே ஓடும் தனி ஸ்ட்ரோப் கம்பியைக் கொண்டுவந்தது. அது ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தால் போதும். இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவே 170 மீற்றர் என்று வையுங்கள். ஒரு பக்கத்தில் நின்று குரல் கொடுத்தால் மறுபக்கத்துக்கு அது அரைச் செக்கன் பிந்தித்தான் கேட்கும். மெதுவாக இழுக்கும்போது அது பெரிய காரியமில்லை, வேகமாக இழுத்தால் தாளம் கெட்டுப்போகும். ஒவ்வொரு கயிற்றோடும் ஒருவர் நின்று அம்பா (வலை இழுக்கும் பாட்டு) சொன்னால் அந்தக் கயிற்றுக்கு அவர் குரல்தான் நேரம். டிடிஆரில் எட்டுத் தரவுக் கம்பிக்கு ஒரு ஸ்ட்ரோப், 64 கம்பிக்கு எட்டு. வாசிக்கும்போது றாம், தரவு மாறும் அதே கணத்தில் ஸ்ட்ரோப்பையும் மாற்றி அனுப்பும். கொன்ட்ரோலர் அதைக் கால் சுற்றுத் தள்ளிவைத்து, பிட்டின் நடு வயிற்றில் பிடிக்கும். எழுதும்போது கொன்ட்ரோலரே ஸ்ட்ரோப்பை நடுவில் வைத்து அனுப்பும்.

இனி டிஎல்எல் (டிலே லொக்ட் லூப்). கொன்ட்ரோலர் கொடுக்கும் க்ளொக் றாம் சிப்பினுள் நுழைந்து, பெருக்கப்பட்டு, கிளை கிளையாகப் பிரிந்து, வெளியனுப்பும் ட்ரைவர் வரை போய்ச் சேர இரண்டொரு நனோ செக்கன் ஆகிவிடும். சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் அது கூடிக் குறையும். சுற்றே 0.75 நனோ செக்கன் இருக்கும் இடத்தில் அந்தத் தாமதம் பெரும் கொள்ளை. தாமதத்தை இல்லாமலாக்க வழியில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் தாமதத்தைச் சேர்த்து, மொத்தம் முழுச் சுற்றுகளாக வரும்படி செய்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் பிந்தி ஓடும் சுவர்க் கடிகாரத்தை இன்னும் 11 மணி 50 நிமிடம் பிந்தவிட்டால் முகத்தில் சரியான நேரம் காட்டுமல்லவா, அதே தந்திரம். சிப்பினுள் கூட்டிக் குறைக்கக்கூடிய தாமதச் சங்கிலி ஒன்று இருக்கும். வெளிவாசல் வரையான பாதையின் நகல் ஒன்றும் இருக்கும். நகலிலிருந்து வரும் க்ளொக்கையும் உள்ளே வரும் க்ளொக்கையும் ஒப்பிட்டு, முந்தினால் தாமதத்தைக் கூட்டும், பிந்தினால் குறைக்கும். இரண்டும் ஒத்துப்போனால் பூட்டிக்கொள்ளும். டிடிஆர்3இல் இதற்கு 512 சுற்று ஒதுக்கப்பட்டிருக்கிறது, டிடிஆர்4 3200இல் 1024 சுற்று, அதாவது 0.64 மைக்ரோ செக்கன்.

இதில் வடிவமைப்பாளர் பயப்படும் இடங்கள் சில. தாமதச் சங்கிலி நீளம் போதாவிட்டால் மெதுவான க்ளொக்குக்குப் பூட்டவே வராது. டிடிஆர்3இல் டிஎல்எல் ஓடும்போது ஒரு சுற்று 3.3 நனோ செக்கனைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு அதனால்தான். றாமை நினைத்த அளவுக்கு மெதுவாக ஓட்டவும் முடியாது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அடுத்தது, ஒரு சுற்றுக்குப் பதில் அடுத்த சுற்றில் போய்ப் பிழையாகப் பூட்டிக்கொள்வது. தொடங்கும் தாமதத்தைச் சரியான எல்லைக்குள் வைத்து அதைத் தடுப்பார்கள். மூன்றாவது, சப்ளையில் இரைச்சல் வந்தால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஆடும், ஸ்ட்ரோப்பும் ஆடும். தானே க்ளொக்கை உருவாக்கும் பிஎல்எல் என்ற மற்ற வகையில் அந்த ஆட்டம் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும், டிஎல்எல்லில் சேராது. றாமுக்குள் டிஎல்எல் விரும்பப்படுவதற்கு இது பெரிய காரணம். நாலாவது, ஏறும் விளிம்பையும் இறங்கும் விளிம்பையும் ஒன்றுபோலப் பாவிப்பதால் க்ளொக் சரிபாதியாக மேலும் கீழும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒன்றுவிட்டு ஒரு பிட் ஒடுங்கிப்போகும். போனில் வரும் எல்பிடிடிஆர் றாம்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த டிஎல்எல்லையே எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஸ்ட்ரோப் எப்போது வரும் என்பது ஓர் எல்லைக்குள் ஆடும், தேடிப் பிடிக்கும் பொறுப்பு முழுதும் கொன்ட்ரோலருடையது. ஆகவே ‘டிஎல்எல் பழுது’ என்று ஒற்றைச் சாமானில் பழியைப் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. டிஎல்எல் உண்மையில் பூட்டாத றாம், தனியாகப் போட்டாலும் ஒழுங்காக ஓடாது. உங்களுடையது தனியாக ஓடுகிறது.

என் சந்தேகம் ட்ரெயினிங் மேல், அதாவது ஒன் ஆகும்போது பயோஸ் செய்யும் நேர அளவெடுப்பின் மேல். டிடிஆர்3 முதல், க்ளொக்கும் கட்டளைக் கம்பிகளும் சிப்புக்குச் சிப்பு வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகின்றன. மட்டக்களப்பில் வெளிக்கிட்ட பஸ் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, மருதமுனை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி உங்கள் ஊருக்கு வருவதுபோல. பஸ் ஒன்றுதான், நேரம் ஊருக்கு ஊர் வேறு. றாம் தட்டின் நீளம் 133 மில்லிமீற்றர். தட்டில் சிக்னல் நனோ செக்கனுக்குச் சுமார் 15 சென்ரிமீற்றர் ஓடும் என்று வைத்தால், முதல் சிப்புக்கும் கடைசிச் சிப்புக்கும் க்ளொக் வந்துசேரும் வித்தியாசம் 0.8 நனோ செக்கனை நெருங்கும். உங்கள் 2666இன் ஒரு முழுச் சுற்றே 0.75. தரவு ஒவ்வொரு சிப்புக்கும் நேர்க்கம்பியில் போகிறது. அதனால் எந்தச் சிப்புக்கு எவ்வளவு பிந்தி அனுப்ப வேண்டும் என்பதைக் கம்பியூட்டர் ஒன் ஆகும்போது பயோஸ் அளந்து வைத்துக்கொள்கிறது. எழுதும் ஸ்ட்ரோப்பைச் சிப்பின் க்ளொக்கோடு பொருத்துவது, வாசிக்கும் ஸ்ட்ரோப்புக்குக் கதவை எப்போது திறப்பதென்று தேடுவது, ஒவ்வொரு பிட்டையும் இடம் வலமாக நகர்த்தி அதன் நடுவைக் காண்பது, ஒன்றையும் பூச்சியத்தையும் பிரிக்கும் வோல்டேஜ் மட்டத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பது என்று அது பல படிகள் கொண்ட வேலை. இதில் கதவு திறக்கும் நேரம் பிழைத்தால் சேதம் பெரிது. முந்தித் திறந்தால் ஸ்ட்ரோப் ஓய்ந்திருக்கும் நேரத்து இரைச்சலையே முதல் விளிம்பென்று எண்ணிவிடும், பிறகு எட்டுப் பிட் கொண்ட தொடர் முழுதும் ஓரிடம் தள்ளிப்போகும்.

கொன்ட்ரோலருக்குள் இன்னுமொரு எல்லை உண்டு. ஸ்ட்ரோப்பின் தாளத்தில் வந்த தரவைக் கொன்ட்ரோலர் தன் சொந்தக் க்ளொக்குக்கு மாற்ற வேண்டும். இரண்டு தாளம் சந்திக்கும் இடத்தில், பிட்டைப் பிடித்து வைக்கும் ஃபிளிப் ஃபிளொப் ஒன்று, தரவு மாறும் கணத்திலேயே பிடித்தால் ஒன்றாகவுமில்லாமல் பூச்சியமாகவுமில்லாமல் நடுவில் தொங்கும். தொங்கி முடிய ஒரு சுற்று அவகாசம் கொடுத்து இரண்டாவது ஃபிளிப் ஃபிளொப்பால் வாங்குவதும், எண்ணும் சுட்டிகள் ஒரு தடவைக்கு ஒரு பிட் மட்டும் மாறும் கிரே கோடில் ஓடும்படி வைப்பதும் அதற்கான வழமையான காவல்கள். இவை சிப்பைச் செய்தவர் பார்க்க வேண்டியவை, கடையில் நாம் தொடக்கூடியது ஒன்றுமில்லை.

இப்போது மத்தியானத்துக்கு வருவோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக் கடையொன்றில் 35 பாகை சாதாரணம். மூடிய கேஸினுள் றாம் 50ஐத் தாண்டும். காலையில் 27 பாகையில் ஒன் பண்ணியபோது அளந்து வைத்த நடுவிடம் இப்போது நடுவிடமாக இல்லை. ட்ரைவர்களின் தடையை வெளியிலிருக்கும் 240 ஓம் ரெசிஸ்டரோடு ஒப்பிட்டு ஓடும்போதே திருத்திக்கொள்ளும் வசதி றாமில் இருக்கிறது, சில கொன்ட்ரோலர்கள் ஸ்ட்ரோப்பின் நகர்வையும் பின்தொடரும். ஆனால் முழு ட்ரெயினிங் மறுபடி நடப்பது அடுத்த தடவை ஒன் பண்ணும்போதுதான். சூட்டில் செல்லின் மின்னூட்டம் வேகமாகக் கசியும் என்பதும் உண்மைதான், ஆனால் சாதாரண ரிஃப்ரெஷ் வேகத்துக்கு ஜெடெக் கொடுத்த எல்லை 85 பாகை. நீங்கள் அதற்குக் கிட்டவும் போகவில்லை.

நகர்வு சிலபத்து பிக்கோ செக்கனாக இருந்தால்கூட இவ்வளவு விளைவா என்று கேட்பீர்கள். விளிம்பு ஆடுவது மணி வடிவப் பரவலில். ஆட்டத்தின் நியம விலகல் 3 பிக்கோ செக்கன் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். பிடிக்கும் கணம் விளிம்பிலிருந்து 12 பிக்கோ செக்கன் தள்ளியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு இலட்சத்தில் மூன்று. 21 பிக்கோ செக்கன் தள்ளியிருந்தால் ஏறக்குறைய இலட்சம் கோடியில் ஒன்று. இடையில் உள்ளது 9 பிக்கோ செக்கன் மட்டுமே. அதனால்தான் இந்தக் குறைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாமல், காலையில் முழுச் சுகமாகவும் மத்தியானத்தில் முழு நோயாகவும் தெரிகின்றன. நீங்கள் கொடுத்த 42 பிக்கோ செக்கன் ஏன் அப்படியே அடக்கிவிட்டதென்பதும் இதிலிருந்து விளங்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் எந்த ஸ்லொட் என்று பாருங்கள். நாலு ஸ்லொட் போர்ட் என்றால் ப்ரொசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுவதுதான் பெரும்பாலான போர்ட்களுக்கான முறை, கைநூலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். முதலும் இரண்டும் என்று அடுத்தடுத்துப் போட்டிருந்தால் இரண்டு றாமும் ஒரே தரவுக் கம்பிகளைப் பகிர்கின்றன, ஒன்றின் சிக்னல் மற்றதில் பட்டுத் தெறிக்கும். அந்த நிலையில் வேறொன்றையும் யோசிக்காமல் இடத்தை மாற்றுங்கள், அநேகமாக அதோடு முடிந்துவிடும். இரண்டே ஸ்லொட் உள்ள மலிவுப் போர்ட் என்றால் வழமையாக ஆளுக்கொரு சனல், தரவுக் கம்பிகளைப் பகிர்வதில்லை. அப்போது ‘ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை’ என்ற வழமையான விளக்கம் பலவீனமாகிவிடும். சந்தேகம் சூடு, சப்ளை, ஏதோவொரு ஸ்லொட் என்ற பக்கம் திரும்ப வேண்டும். சிப்களையும் எண்ணிப் பாருங்கள். 8 ஜிபி தட்டில் நாலு சிப் என்றால் 16 பிட் அகலச் சிப், எட்டு என்றால் 8 பிட் அகலம், பதினாறு என்றால் எட்டுச் சிப் கொண்ட இரண்டு கூட்டம், அதாவது இரண்டு ராங்க். ஒன்றில் நாலும் மற்றதில் பதினாறும் இருந்தால் கட்டளைக் கம்பிகளில் ஏறும் சுமை நாலு மடங்கு வித்தியாசம்.

பிறகு, ‘தனித்தனியாக ஓடியது’ என்பதைத் திரும்பச் சோதியுங்கள். எந்த ஸ்லொட்டில் போட்டீர்கள், காலையிலா மத்தியானத்திலா? இரண்டு றாம், இரண்டு ஸ்லொட், மொத்தம் நாலு சேர்மானம். ஒவ்வொன்றையும் 2666இல், கேஸை மூடி, வெயில் நேரத்தில் மெம்டெஸ்ட்86+ என்ற றாம் சோதனை நிரலை வைத்து நாலு சுற்றுக்குக் குறையாமல் ஓட்டுங்கள். எந்த றாமைப் போட்டாலும் ஒரே ஸ்லொட் பிழை காட்டினால் போர்ட், அல்லது ப்ரொசஸர் சொக்கெட்டில் வளைந்த ஊசி. கூலரை ஒரு பக்கம் கூடுதலாக இறுக்கிவிட்டாலும் ஒரு சனல் ஆடும். எந்த ஸ்லொட்டிலும் ஒரே றாம் பிழை காட்டினால் அது றாம். நாலும் சுத்தம், சேர்த்தால் மட்டும் பிழை என்றால்தான் ட்ரெயினிங் என்ற என் சந்தேகம் பலப்படும்.

அதை உறுதிசெய்ய இரண்டு மலிவான சோதனை. பயோஸில் மெமரி ஃபாஸ்ட் பூட் என்று இருப்பதை நிறுத்துங்கள், அது இருந்தால் பழைய அளவையே திரும்பப் பாவிக்கும். மத்தியானம் ஸ்டக் ஆனதும், ஆறவிடாமல், வயரைக் கழற்றிப் பத்துச் செக்கன் வைத்துத் திரும்ப ஒன் பண்ணுங்கள். சூடாக இருக்கும்போதே புதிதாக ட்ரெயின் ஆன பின் பின்நேரம் வரை ஓடினால், காலை அளவு நகர்ந்துபோனதுதான் காரணம். உடனேயே திரும்ப ஸ்டக் ஆனால் பிட்டின் ஜன்னலே, அதாவது பிட்டைச் சரியாகப் பிடிக்கக்கூடிய நேர இடைவெளியே, உண்மையில் ஒடுங்கிவிட்டது. இரண்டாவது, வேகத்தை 2666இலேயே வைத்துக் கட்டளை வேகத்தை மட்டும் 1டியிலிருந்து 2டிக்கு மாற்றுங்கள். அதனால் தரவுக் கம்பிக்கு நேரம் கூடாது, கட்டளை முகவரிக் கம்பிகளுக்கு மட்டும் இன்னொரு சுற்றுக் கிடைக்கும். அதிலேயே குறை நின்றால் தரவுப் பக்கத்தை மறந்துவிடலாம், 2666இலேயே கஸ்டமருக்குக் கொடுக்கவும் செய்யலாம். பயோஸைப் புதுப்பிப்பதையும் விடாதீர்கள், ட்ரெயினிங் செய்யும் நிரல் அதற்குள்தான் இருக்கிறது. புதுப்பிக்கும் நேரம் கரண்ட் போகாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், அல்லது யூபிஎஸ்ஸில் வையுங்கள்.

மெம்டெஸ்ட் பிழை காட்டினால் முகவரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்தப் பிட் பிழைத்தது என்பதில்தான் கதை இருக்கிறது. முகவரி ஒவ்வொரு தடவையும் மாறி, பிட் மட்டும் ஒன்றாகவே இருந்தால் அந்த ஒரு தரவுக் கம்பி, அநேகமாக ஸ்லொட் தொடுகை. ஒரே எட்டுப் பிட் கூட்டம் சேர்ந்து பிழைத்தால் அந்தக் கூட்டத்தின் ஸ்ட்ரோப். ஒரே முகவரி, ஒரே பிட் என்றால் செல். எங்கும் எல்லாமும் என்றால் க்ளொக், கட்டளைக் கம்பி, அல்லது சப்ளை. இதை ஒரு றாம் மட்டும் போட்டுப் பார்த்தால்தான் நம்பலாம். இரண்டு சனல் சேர்ந்து ஓடும்போது முகவரிகள் மாறி மாறிப் பகிரப்படுவதால் எந்தத் தட்டு என்பதே குழம்பும்.

தொடுகை என்றதால் ஒரு வார்த்தை. கடற்கரைப் பக்கக் கடைகளில் உப்புக் காற்றும் ஈரமும் ஸ்லொட்டுக்குள் போய்ப் படியும், தொடுகைத் தடை கூடும். அழிறப்பரால் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் தங்க முலாம் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவான தடிப்பு, தேய்த்தால் கீழே உள்ள நிக்கல் வெளியே வரும், இறப்பர்த் தூள் ஸ்லொட்டுக்குள் விழும். 99 சதவீத ஐசோப்ரொபைல் அல்ககோலில் நனைத்த நூல் பறக்காத துணியால் நீளவாக்கில் துடைத்து, உலர்ந்த பின் நாலைந்து தடவை செருகிக் கழற்றினால் ஸ்லொட் பக்கமும் சுத்தமாகும்.

வோல்டேஜைக் கூட்டிப் பார்க்கலாமா என்றால், டிடிஆர்4இன் சாதாரண எல்லை 1.14 முதல் 1.26 வோல்ட். 1.25 வைத்துச் சோதித்துப் பார்ப்பதில் பிழையில்லை, அதோடு குறை நின்றால் சப்ளைப் பக்கம் பாருங்கள் என்று அர்த்தம். 1.35 என்பது அதற்கென்று குறித்து விற்கும் எக்ஸ்எம்பி றாம்களுக்கு. சாதாரணத் தட்டுக்கு அதைப் போட்டு ‘சரியாக்கி’ அனுப்ப வேண்டாம்.

எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். டைமிங் ஓட்டோவில் இருந்தது என்றால், குறை இடைப்பாதையில், செல்லில் இல்லை என்பது கணக்கிலிருந்து வருவது. அதில் எனக்குத் தயக்கமில்லை. அந்த இடைப்பாதையில் எது என்பது ஊகம், மேலே சொன்ன சோதனைகள் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. சோதனை செய்தாலும், பல கிகாஹேர்ட்ஸ் ஒஸிலஸ்கோப் இல்லாமல் பிட்டின் ஜன்னலைக் கண்ணால் காண வழியில்லை, நாம் பார்ப்பதெல்லாம் விளைவைத்தான். மெம்டெஸ்ட் பற்றியும் இதே கவனம் வேண்டும். ஒரு பிழை காட்டினால் குறை இருப்பது உறுதி. ஒன்றும் காட்டாவிட்டால் குறையில்லை என்பது உறுதியாகாது. 2666இல் ஒரு சனலை முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓட்டினாலும் கடப்பது சுமார் 6 கோடி கோடி பிட். நூறு கோடி கோடியில் ஒரு பிட் பிழைக்கும் கம்பியூட்டர் அந்த ஒரு மணித்தியாலத்தை அநேகமாகச் சுத்தமாகத் தாண்டிவிடும், ஆனால் ஒரு நாள் முழுக்க அதே வேகத்தில் ஓடினால் ஒரு பிழையாவது வரவே வாய்ப்பு அதிகம். ஆகையால் இரவிரவாக ஓட்டுங்கள், வெயிலிலும் ஓட்டுங்கள். டிடிஆர்5 வாங்கினால் பிழை திருத்தும் ஈசிசி உள்ளேயே இருக்கிறது, இந்தப் பிரச்சினை வராது என்று சிலர் சொல்வார்கள். அந்த ஈசிசி சிப்பினுள் 128 பிட்டுக்கு 8 பிட் வைத்துச் செல்லைக் காப்பது. பாதையில் கெட்ட பிட்டை அது பார்ப்பதே இல்லை.

கொடுத்துவிடலாமா என்றால், மேலே சொன்னவற்றில் காரணம் கண்டு திருத்தினால் 2666இல் கொடுங்கள். காணாவிட்டால் 2400இல், கேஸ் மூடியபடி, வெயில் நேரம் உட்பட ஒரு முழு நாள் ஓட்டிச் சுத்தமாக வந்தால் கொடுக்கலாம். சனலுக்குச் செக்கனுக்கு 21.3 ஜிபி என்றிருந்தது 19.2 ஆகும், கடிதம் அடிப்பவருக்கும் படம் பார்ப்பவருக்கும் தெரியாது. கணக்குப் புத்தகமோ மாணவர் புள்ளியோ வைத்திருப்பவர் என்றால் ஒரே மாதிரி இரண்டு றாம் கொண்ட சோடி வாங்கும்படி சொல்லுங்கள். அவர் வாங்கமாட்டார் என்றால் பக்கப் எடுக்கச் சொல்லுங்கள். எப்படிக் கொடுத்தாலும் 2400 என்று கையால் வைத்ததைக் கேஸின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் திகதியோடு எழுதி ஒட்டிவிடுங்கள். போர்ட்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி சில வருடத்தில் இறங்கும்போது பல போர்ட்களில் பயோஸ் அமைப்புகள் ஓட்டோவுக்குத் திரும்பும், றாம் மறுபடி 2666இல் ஓடும். அன்றைக்கு அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.